கிலோ சொல்லாத கணக்கு: எரிவாயுவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்ட வரலாறு

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கும். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு முற்றாக எரிக்கப்படுகிறது, இவ்வளவு வெப்பம் வெளிவருகிறது, கலவையின் அமைப்பைக் காண்க. தெரியாத கணியங்கள் இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. விடையை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடலாம்.

2021 கடைசியில் இந்தக் கணக்கு வினாத்தாளிலிருந்து இறங்கிக் குசினிக்குள் வந்தது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கை முழுக்க கேஸ் அடுப்புகள் வெடித்தன, கண்ணாடி மேற்தட்டுகள் சிதறின, வால்வுகளும் குழாய்களும் கசிந்தன. சில வீடுகளில் உயிர்களும் போயின. அந்த நாள்களில் பஸ்ஸிலும் கடையிலும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "உள்ளுக்க என்னத்தை எவ்வளவு கலந்திருக்கினம்?"

நாங்கள் கலைப்பீடத்துக்காரர். இது விஞ்ஞானப் பிரிவுக்காரர்ட வேலை எண்டு விட்டிருக்கலாம். ஆனால் எரியும் வாயுவைப் பார்த்து "உனக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பழக்கத்துக்கு இருநூறு வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள், யாருக்காகக் கேட்டார்கள், எப்போது கேட்காமல் விட்டார்கள் என்பது எங்களுடைய பாடமும்தான்.

சேற்றிலிருந்து தொடங்கியது

1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிக் கரையில் அலெசாண்ட்ரோ வோல்டா சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் போத்தலில் பிடித்தார். நெருப்பைக் காட்ட அது எரிந்தது. இன்று நாங்கள் மெதேன் என்று சொல்லும் வாயு அது. வோல்டா அதோடு நிற்கவில்லை. மூடிய குழாய்க்குள் வாயுவையும் காற்றையும் சேர்த்து, மின்பொறியால் கொளுத்தி, எரிந்த பிறகு எவ்வளவு கனவளவு மிஞ்சுகிறது என்று அளந்தார்.

ஏறத்தாழ முப்பது வருசத்துக்குப் பிறகு அதே வேலையை மன்செஸ்டரில் ஜோன் டால்ற்றன் செய்தார். 1804இல் ஊரைச் சுற்றியுள்ள குட்டைகளில் சதுப்பு வாயு பிடித்தார். மன்செஸ்டர் நகர மண்டபச் சுவரில் அந்தக் காட்சி ஓவியமாகவே இருக்கிறது. அவர் கண்டது இதுதான்: சதுப்பு வாயு ஒரு கனவளவு எரிய இரண்டு கனவளவு ஒட்சிசன் வேண்டும், ஒரு கனவளவு காபனீரொட்சைட்டு வரும். நாங்கள் எதிலீன் என்று சொல்லும் வாயுவோ ஒரு கனவளவுக்கு மூன்று கனவளவு ஒட்சிசனைத் தின்று, இரண்டு கனவளவு காபனீரொட்சைட்டைத் தரும். ஆகவே ஒரு வாயு எரிய எவ்வளவு கேட்கிறது, எரிந்து எவ்வளவு தருகிறது என்பதைப் பார்த்தால் அது என்ன வாயு என்று சொல்லிவிடலாம்.

இதைக் கலவைகளுக்குக் கொண்டுபோனவர் டால்ற்றனின் நண்பர் வில்லியம் ஹென்றி. உயர்தரத்தில் ஹென்றியின் விதி படித்தோமே, அதே ஹென்றி. நிலக்கரியை மூடிய பாத்திரத்தில் சூடாக்கி வாயு எடுக்கும் தொழில் அப்போதுதான் தலையெடுத்திருந்தது. 1792இல் வில்லியம் மர்டொக் கோர்ன்வோலில் தன் வீட்டை இந்த வாயுவால் ஒளியேற்றியிருந்தார். பிறகு அவரே மன்செஸ்டருக்குப் பக்கத்து சால்போர்டில் ஒரு பருத்தி ஆலைக்கும் ஒளியேற்றிக் கொடுத்தார். ஆலைக்கு வெளிச்சம் வந்தது தொழிலாளிக்கு நல்ல செய்தியா என்பது வேற கதை. இருட்டினால் வேலை முடியும் என்ற பழைய எல்லை அதோடு போனது.

ஹென்றி வெவ்வேறு நிலக்கரிகளிலிருந்து வந்த வாயுக்களை எரித்து அளந்தார். நிலக்கரி மாறினால் வாயு மாறுகிறது. ஒரே நிலக்கரியில்கூட, சூடாக்கத் தொடங்கும்போது வருவதும் முடியும்போது வருவதும் ஒன்றல்ல. கண்ணுக்கு எல்லாமே நிறமில்லாத வாயுதான். எரித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

வெப்பம் எப்போது சாட்சிக்கு வந்தது?

டால்ற்றனும் ஹென்றியும் அளந்தது கனவளவு. வெப்பத்தை அளக்கும் முயற்சி பாரிஸில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1782–83 குளிர்காலத்தில் லவாசியேயும் லாப்லாசும் பனிக்கட்டி நிரம்பிய ஒரு பாத்திரத்துக்குள் பொருட்களை எரித்து, உருகி வந்த தண்ணீரை நிறுத்தார்கள். எவ்வளவு உருகியதோ அவ்வளவு வெப்பம். கணக்கு எளிது. ஆனால் அறை நல்ல குளிராக இருக்க வேண்டும்.

1840இல் ஜெர்மைன் ஹெஸ் தன் விதியைச் சொன்னார்: எந்த வழியால் போனாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பம் மாறாது. பிறகு கோபன்ஹேகனில் தொம்சன், பாரிஸில் பெர்த்தலோ போன்றவர்கள் ஆயுள் முழுக்க உட்கார்ந்து எரித்து எரித்து அட்டவணை போட்டார்கள். எங்கள் பாடப்புத்தகத்தின் பின்பக்கம் இருக்கும் தகன வெப்ப அட்டவணைகள் அந்தப் பொறுமையின் வாரிசு.

அந்த அட்டவணை வந்த பிறகு, கலவையின் கணக்கைத் தலைகீழாகப் போடலாம். புரொப்பேன் ஒரு மூல் எரிந்தால் சுமார் 2220 கிலோயூல் வெப்பம். பியூட்டேன் ஒரு மூல் என்றால் சுமார் 2878. இரண்டும் கலந்த ஒரு மூல் கலவையை எரிக்க 2746 கிலோயூல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். முழுக்கப் பியூட்டேன் என்றால் வந்திருக்க வேண்டியதில் 132 குறைகிறது. பியூட்டேன் ஒரு மூலின் இடத்தைப் புரொப்பேன் எடுத்தால் 658 குறையும். 132ஐ 658ஆல் பிரித்தால் ஐந்தில் ஒன்று. ஆகவே புரொப்பேன் 20 வீதம், பியூட்டேன் 80 வீதம். 2549 கிலோயூல் வந்திருந்தால் பாதிக்குப் பாதி.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் இது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. கலவையில் என்னென்ன இருக்கின்றன என்று முதலே தெரிந்திருக்க வேண்டும். அவற்றின் வெப்பங்கள் ஒன்றிலிருந்து ஒன்று போதியளவு வேறுபட வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை உடைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நிலக்கரி வாயுவே உதாரணம். அதில் ஐதரசனும் இருக்கும், காபனோரொட்சைட்டும் இருக்கும். ஐதரசன் ஒரு மூலின் தகன வெப்பம் 286 கிலோயூல். காபனோரொட்சைட்டுக்கு 283. எரிய வேண்டிய ஒட்சிசனும் இரண்டுக்கும் ஒரே அளவு. வெப்பத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எரியாமல் கசிந்தால் ஒன்று மூச்சோடு உள்ளே போய் ஆளைக் கொல்லும் நஞ்சு, மற்றது அப்படியில்லை. அந்த வித்தியாசத்தைப் பிடிக்க வெப்பமானி காணாது. எரிந்த பிறகு வரும் காபனீரொட்சைட்டையும் அளக்க வேண்டும், அதாவது ஹென்றியின் பழைய முறைக்கே திரும்ப வேண்டும்.

மெழுகுதிரியால் அளந்த காலம்

இந்த விஞ்ஞானம் ஒரு பக்கம் இருக்க, லண்டன் தெருவில் வாயு வேறொரு அளவால் விலைப்பட்டது. 1812இல் அங்கே வாயுக் கம்பனி சாசனம் பெற்றது. மக்கள் வாயுவை வாங்கியது வெளிச்சத்துக்காக. ஆகவே "நல்ல வாயு" என்றால் வெளிச்சமான வாயு. 1860இல் லண்டனுக்கென்று வந்த சட்டம் அதை எண்ணாக்கியது: மணிக்கு 5 கன அடி எரியும் வாயு, திமிங்கில மெழுகால் செய்த 12 மெழுகுதிரிகளின் வெளிச்சம் தர வேண்டும். மெழுகுதிரிக்கும் இலக்கணம் உண்டு, மணிக்கு 120 கிரெய்ன், அதாவது 8 கிராமுக்குச் சற்றுக் குறைய, உருகி எரிய வேண்டும்.

இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்துக்குள் ஒரு பெரிய விசயம் இருக்கிறது. வாயுவை விற்கிறவன் சொல்வதை நம்பிக்கொண்டு இருக்க முடியாது, வெளியே இருந்து ஒருவர் அளக்க வேண்டும் என்று அரசு ஏற்றுக்கொண்டது அதில்.

மெழுகுதிரி அளவு செத்துப்போகக் காரணம் ஒரு சின்ன வலை. 1885இல் கார்ல் அவுவர் வொன் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த மான்டில். பெற்றோல்மாக்ஸ் விளக்கில் எங்கட அம்மம்மாமார் கட்டின அதே வெள்ளைச் சல்லடை. வாயு எவ்வளவு மங்கலாக எரிந்தாலும், சூடு போதும் என்றால் மான்டில் பளிச்செண்டு ஒளிரும். அதோடு வாயுவில் சமைக்கவும் தொடங்கிவிட்டார்கள். இனி வெளிச்சத்தை அளந்து என்ன பயன்? வெப்பத்தைத்தான் அளக்க வேண்டும்.

மான்டிலுக்கு இலங்கையோடும் ஒரு தொடுப்பு உண்டு. அதன் முக்கிய பொருள் தோரியம். உலகம் தோரியத்தைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், 1904இல், இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி தோரியனைற்று என்ற புதிய கனிமத்தை இங்கே கண்டெடுத்தார். கலை வரலாற்றாசிரியராக மட்டும் நாங்கள் அறிந்த அதே குமாரசுவாமி. லண்டனின் வாயு விளக்குக்கும் இரத்தினபுரிப் பக்கத்து ஆற்றுமணலுக்கும் இடையே அப்படியொரு பாதை இருந்தது.

வெப்பத்தை அளக்கும் கருவியை 1890களின் தொடக்கத்தில் ஹுகோ யுங்கர்ஸ் செய்தார். பிற்காலத்தில் விமானம் கட்டிய அதே யுங்கர்ஸ். வாயு ஒரு சீராக எரிந்துகொண்டிருக்கும், அதைச் சுற்றித் தண்ணீர் ஒரு சீராக ஓடும். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தைப் பார்த்தால் போதும்.

1920இல் பிரித்தானியா வாயு ஒழுங்குபடுத்தற் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாயு இனி வெளிச்சத்தாலோ வெறும் கனவளவாலோ விலைப்படாது, வெப்பத்தால் விலைப்படும். அலகின் பெயர் தேர்ம், ஒரு தேர்ம் என்பது 100,000 பிரித்தானிய வெப்ப அலகு. கம்பனி எந்த வெப்பப் பெறுமானமுள்ள வாயுவையும் விற்கலாம். ஆனால் இரண்டு கடமைகள். அந்தப் பெறுமானத்தை முதலே பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். பிறகு அதை மாற்றினால், பாவனையாளர் வீட்டு அடுப்புகளின் எரிமுனைகளைப் புதிய வாயுவுக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பதும் கம்பனியின் சொந்தச் செலவு.

இந்த இரண்டாவது கடமையை வாசித்தபோது நாங்கள் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிட்டோம். வாயு மாறினால் அடுப்பும் மாற வேண்டும் என்பது நூறு வருசத்துக்கு முன்பே சட்டத்தில் எழுதப்பட்ட விசயம்.

கிலோவின் மௌனம்

நிலக்கரி வாயு எங்களுக்கும் வந்தது. கொழும்பு புறக்கோட்டையில் கேஸ் வேர்க்ஸ் தெரு என்ற பெயர் அந்தக் காலத்தின் மிச்சம். இப்போது எங்கள் வீடுகளில் இருப்பது வேறு பொருள், திரவப் பெற்றோலிய வாயு. அமெரிக்க இரசாயனவியலாளர் வோல்ட்டர் ஸ்னெலிங் 1910ஐ ஒட்டிய வருசங்களில் பெற்றோலிலிருந்து ஆவியாகிப் போவதைப் பிரித்து ஆராய்ந்ததில் பிறந்த தொழில் அது. அமுக்கினால் திரவமாகும், திறந்தால் வாயுவாகும். குழாய் இல்லாத ஊருக்கும் சிலிண்டரில் போகும்.

குழாயில் வந்த வாயுவைக் கனவளவால், பிறகு வெப்பத்தால் விற்றார்கள். சிலிண்டரை விற்பது கிலோவால். இங்கேதான் எங்கள் கணக்கு சிக்குகிறது. மேலே ஒரு மூலுக்குச் சொன்ன வெப்பங்களைக் கிலோவுக்கு மாற்றிப் பாருங்கள். புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 50.3 மெகாயூல். பியூட்டேன் ஒரு கிலோ என்றால் சுமார் 49.5. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஒரு மூலுக்கு நூற்றுக்கு முப்பதளவு தூரத்தில் நின்ற இரண்டு வாயுக்கள், கிலோவுக்கு மாற்றியதும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன.

அதாவது 12.5 கிலோ சிலிண்டரில் 20 வீதம் புரொப்பேன் இருந்தாலும் 50 வீதம் இருந்தாலும் தராசு ஒன்றையே காட்டும், வேகும் சோறும் ஏறத்தாழ அதே அளவுதான். ஐதரசனையும் காபனோரொட்சைட்டையும் வெப்பத்தால் பிரிக்க முடியாமல் போன அதே இடம் இது. இந்த அலகில் கேட்டால் வாயு பதில் சொல்லாது.

அது பதில் சொல்லும் வேறொரு இடம் இருக்கிறது: அமுக்கம். எங்கள் நாட்டு 30 பாகை வெப்பநிலையில், மூடிய சிலிண்டருக்குள் தனிப் பியூட்டேனின் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ மூன்று மடங்கு. தனிப் புரொப்பேனுக்குப் பத்து மடங்குக்கு மேல். மூல் கணக்கில் 20க்கு 80 கலவை என்றால் நாலரை மடங்குக்குக் கிட்ட வரும். பாதிக்குப் பாதி என்றால் ஏழு மடங்கை நெருங்கும். ஆக, அடுப்பில் சோறு அதே சோறு, ஆனால் சிலிண்டருக்குள் அமுக்கம் ஒன்றரை மடங்கு. சிலிண்டர் இரும்பு, அது தாங்கும். வால்வில் இருக்கும் றப்பர் வளையம், பழைய ரெகுலேட்டர், வெடிப்பு விழுந்த குழாய் ஆகியவற்றுக்குத்தான் சோதனை.

2021இல் பொதுவெளியில் அடிபட்ட எண்கள் இவைதான். முன்பு 20க்கு 80 அளவில் இருந்த கலவை 50க்கு 50 அளவுக்கு மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது, மறுப்பும் வந்தது. ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தலைமை தாங்கிய அந்தக் குழு, சேர்மானம் மாறியதே விபத்துகளுக்கு முக்கிய காரணம் என்று கண்டது. சிலிண்டரில் சேர்மானத்தை அச்சிட வேண்டும் என்ற கோரிக்கை மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது.

இன்றைக்கு ஒரு ஆய்வுகூடம் இதைக் கண்டுபிடிக்க எரிக்கத் தேவையில்லை. 1952இல் ஜேம்ஸும் மார்ட்டினும் அறிமுகப்படுத்திய வாயு நிறப்பகுப்பியல் முறையில், கொஞ்ச மாதிரியை ஒரு குழாய்க்குள் விட்டால் புரொப்பேன் வேறாக, பியூட்டேன் வேறாக வரிசையில் வெளியே வரும். வோல்டாவுக்குச் சேறு கிளற வேண்டியிருந்தது, எங்களுக்கு அதுவும் இல்லை. கருவி இருந்தும், அந்த எண் எரிக்கிறவர் கையில் இருக்கவில்லை.

மணம், லேபல், வரிசை

வாயு தன்னைப் பற்றி வீட்டுக்காரருக்கு நேரடியாகச் சொல்லும் ஒரேயொரு செய்தி அதன் மணம். அதுவும் இயற்கையானதல்ல. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் பாடசாலையின் கீழ்த்தளத்தில் மணமில்லாத வாயு கசிந்து நிரம்பி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது அங்கே சட்டமானது. எங்கட சிலிண்டரில் அந்த வேலையைச் செய்வது எதில் மேர்கப்டான். 2021 டிசம்பரில் இங்கே அதன் அளவும் சர்ச்சையானது, மணம் போதாது என்று வந்த கப்பலைத் திருப்பியும் அனுப்பினார்கள். எண்பது வருசத்துக்கு முந்திய பிள்ளைகளின் சாவில் படித்த பாடத்தை நாங்கள் திரும்ப வாசித்தோம்.

பிறகு 2022 வந்தது. கேஸே இல்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து ரோட்டோரம் வரிசையில் வைத்துவிட்டு இரவு பகலாகக் காத்திருந்தோம். விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் திரும்பின வீடுகள் எத்தனை. அந்த வரிசையில் நின்ற யாரும், சிலிண்டர் கைக்கு வந்தபோது, "இதில் புரொப்பேன் எத்தனை வீதம்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை. கிடைத்ததே பெரிய காரியம். ஒரு பொருள் அரிதாகும்போது விலை ஏறுவது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் துணிவு இறங்குவதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

அதனால்தான் இந்த வரலாற்றை இப்போது, அடுப்பு ஒழுங்காக எரியும் நாளில், எழுதுகிறோம். 1860இல் மெழுகுதிரி, 1920இல் தேர்ம், 1937க்குப் பிறகு மணம். ஒவ்வொன்றும் விற்கிறவர் மட்டும் அறிந்திருந்த ஒன்றை எரிக்கிறவருக்கும் தெரியவைத்த ஏற்பாடு. எங்கள் சிலிண்டருக்கு அப்படி வேண்டியது ஒரு வரி: புரொப்பேன் இவ்வளவு, பியூட்டேன் இவ்வளவு. அந்த வரியை அச்சிடுகிறவரே சரிபார்க்கிறவராகவும் இருக்கக்கூடாது. கலவை மாறினால் பழைய ரெகுலேட்டருக்கு யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அதுவரைக்கும், புது சிலிண்டர் பூட்டும்போது இணைப்பில் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணி தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது. குழாயில் அச்சிட்டிருக்கும் திகதியையும் ஒருக்கால் பாருங்கள். பிறகு சிலிண்டரைச் சுற்றிப் பார்த்து, சேர்மானம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அப்போது அவரும் தனக்கு மேலே இருப்பவரிடம் கேட்கட்டும்.